டம்ளர் வாங்கிய கார்

என் அக்கா வீட்டுக்காரரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘டம்ளர்’. விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றால் ஒரு சொட்டுகூடச் சிந்தாது என்று எந்தக் காலத்திலோ ஒரு கண்டக்டர் சொல்லப் போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. யாராவது குடிகாரன் என்று நினைத்துத் தொலைக்கப் போகிறார்கள் என்று அக்காவுக்கு அந்தப் பெயரே ஆகாது. அத்தானோ அதைக் கேட்கும்போதெல்லாம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. டிப்போவின் வாசல் சுவரில் விபத்தே இல்லாமல் ஓட்டியவர்களின் படங்களை மாட்டியிருப்பார்கள். அதில் அத்தான் படமும் உண்டு, கண்ணை மூடியபடி. வேறு படம் எடுத்துக் கொடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். “போட்டோவுலதானே மூடினேன், பஸ்ஸுலயா மூடினேன்?” என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி எங்கள் உயிரை வாங்குவார்.

மற்றபடி ஆள் சுமார்தான். ஒரு பல்பு மாற்றத் தெரியாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். பஸ்ஸை எடுத்துவிட்டால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அக்காவிடம் நான் கேலி செய்ததுண்டு. நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறந்துகொண்டு வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறவள் என்பதாலோ என்னவோ, என் வாயும் லேசில் மூடாது.

கார் வாங்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பஸ் டிரைவர் பெண்டாட்டி என்று பெயர்தான், எல்லா இடத்துக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அவளுக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். டிப்போவின் பிரேக் பிரிவில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர் தன் பழைய காரை விற்கப் போவதாகச் சொன்னதும் அத்தான் வேறு எங்கேயும் தேடவில்லை. அந்த மெக்கானிக் போட்டிருக்கும் கண்ணாடியின் தடிமனுக்கு அவருக்கு ‘சோடாபுட்டி’ என்று பெயர். அத்தானுக்கு மட்டும் ‘சோடா’. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பஸ்ஸும் டிப்போ வாசலைத் தாண்டாது. முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாததால்தான் காரை விற்றார். கொடுக்கும் முன்னால் நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டு, “பாத்துக்கோ டம்ளரு, பிரேக்கெல்லாம் என் கையால போட்டது” என்று காட்டினார். அத்தான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “நீ போட்டத நான் என்னத்தப் பாக்கறது?” என்றார்.

கார் வந்த பிறகு எங்களுக்கு ஒரே சிரிப்பு. பஸ் ஸ்டாப் வந்தால் போதும், அத்தான் தன்னை அறியாமல் வேகத்தைக் குறைப்பார். கிளம்பும் முன்னால் எல்லோரும் ஏறியாயிற்றா என்று கண்ணாடியில் பார்ப்பார். பின் இருக்கையில் நான் ஒருத்திதான் இருப்பேன். “ரைட் போலாம்” என்று குரல் கொடுப்பேன். தெருமுனையில் திரும்பும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி நேராகப் போய், அப்புறம் ஸ்டியரிங்கை ஒடிப்பார். “என்னங்க, இத்துனூண்டு வண்டியத் திருப்ப ரோடு பூராவும் வேணுமா?” என்று அக்கா கேட்பாள். “பஸ் ஓட்டின கை. போகப் போகச் சரியாயிடும்” என்பார்.

சரியாவதற்குள் அது நடந்துவிட்டது.

காரை வாங்கி அதன் வாசனைகூட எங்களுக்குப் பழகவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அக்காவின் முதுகுக்குத் தோதாக ஒரு மெத்தை பார்க்கலாம் என்று கிளம்பினோம். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சாலையிலிருந்து ஒரு குறுகலான தெருவுக்குள் திரும்ப வேண்டும். அந்தத் தெருவின் வாயில், எதிர்ப்பக்கமாக, ஒரு பெண் ஸ்கூட்டரில் காலை ஊன்றி நின்று, பெரிய சாலைக்கு வர வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒட்டினாற்போல ஒரு மதில்சுவர். அத்தான் வழக்கம்போல நேராகப் போனார். “என்னங்க, பெருசா எடுக்காதீங்க” என்று அக்கா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் ஒடித்தார். கார் அகலமாக வளைந்து நேரே அந்தப் பெண் நின்ற பக்கத்துக்கே போனது.

அத்தான் பிரேக்கை மிதித்த வேகத்தில் நான் முன் இருக்கையில் மோதி உதட்டைக் கடித்துக்கொண்டேன். கார் நின்றது. ஆனால் நிற்பதற்குள் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டிருந்தது. ஸ்கூட்டர் அவள்மேல் சாய, அவள் அதனடியில் கிடந்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான்தான் இறங்கி ஓடினார். அந்தப் பெண்ணின் அலறலைக் கேட்டு ஆட்கள் கூடி அவளை இழுக்கப் போனார்கள். வீட்டில் குரலை உயர்த்தாத மனிதர் ஒரு சத்தம் போட்டார். “யாரும் இழுக்காதீங்க! கால் உள்ள மாட்டியிருக்கு. ரெண்டு பேர் ஸ்கூட்டர மெதுவாத் தூக்குங்க, நான் காலப் பாத்துக்கறேன்.” காலை விடுவித்து, தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் அலறுவதை நிறுத்தினாள். அலறலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றியபோதுதான் மறுபடி முனகினாள். அந்த முனகலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

போலீஸ்காரர் வந்தபோது அத்தான் வெறும் பனியனோடு நின்றிருந்தார். கூட்டத்தில் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பழைய வண்டிங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. இப்பதான் வாங்கினேன்.”

“அதான பாத்தேன். பிரேக் போயிருக்கும். இந்த மாதிரி வண்டியத்தான் நம்ம தலையில கட்டிடறானுங்க.”

ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். போலீஸ்காரர் அத்தானைப் பார்த்துக் கேட்டார். “பிரேக் புடிக்கலையா?”

அத்தான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “ம்” என்றார்.

அவ்வளவுதான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் என் எலும்பைத் தொட்டன.

அக்கா ஏன் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டிப்போவில் சட்டம் கறார். டிரைவர்மேல் தப்பு என்று போலீஸ் எழுதிவிட்டால், சொந்த வண்டியில் நடந்த விபத்தாக இருந்தாலும் பஸ்ஸைத் தொட முடியாது. வண்டிமேல் தப்பு என்றால் டிரைவருக்கு ஒன்றும் இல்லை. மறுநாளே மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு, “உன் மேல என்னய்யா தப்பு? போயி பஸ்ஸ எடு” என்று சொல்லிவிட்டார். காரை ஸ்டேஷனுக்குக் கிரேனில் தூக்கிக்கொண்டு போனபோது அடியில் பிரேக் குழாய் நசுங்கிவிட்டது. அது விபத்துக்கு முன்பே நசுங்கியதா பிறகு நசுங்கியதா என்று சொல்ல முடியாது என்று காரைச் சோதித்த அதிகாரி கையை விரித்துவிட்டார். ஆக, அத்தானின் அந்த ஒரு ‘ம்’தான் எல்லாம்.

“அவர் வாயால ஒரு பொய் சொன்னாரா?” என்று அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தாள். “அவங்களாக் கேட்டாங்க, அவங்களா எழுதினாங்க.”

“பிரேக் புடிச்சதாலதான் என் உதடு கிழிஞ்சிருக்கு. வேணும்னா இதையும் ஒரு போட்டோ எடுத்து அந்தச் சுவத்துல மாட்டச் சொல்லு.”

“உனக்கென்னடி, பேசிட்டு மாடிக்குப் போயிடுவ. பஸ் இல்லேன்னா அவர் என்ன ஆவார்னு யோசிச்சியா?”

யோசித்தேன். யோசித்ததால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அத்தான் பஸ் ஓட்டப் போனார். வந்தார். சாப்பிட உட்கார்ந்து தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் டியூட்டி என்றார். நானும் அக்காவும்தான் போனோம். அந்தப் பெண் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறவள். நாளெல்லாம் நின்று செய்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்திருந்தது. நடப்பாள், ஆனால் நாளாகும் என்றார்கள். எங்களைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தோம். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரர் என்னக்கா பண்ணுவார்? பிரேக் புடிக்கலேன்னா யாராலதான் என்ன பண்ண முடியும்? வேற ஒருத்தனா இருந்தா அப்படியே ஓடிப் போயிருப்பான். அவர் சட்டை இங்கதான் இருக்கு. துவைச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன்.”

அக்கா கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் நான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். அதற்குள் டிப்போவில் என்ன நடந்திருக்கிறது என்று எங்களுக்கு அரசல் புரசலாகத் தெரியும். கூடப் பழகினவனுக்கே பிரேக் இல்லாத வண்டியைத் தள்ளிவிட்டவன் நம் பஸ்களை எந்த லட்சணத்தில் பார்த்திருப்பான் என்று டிரைவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவரைப் பிரேக் பிரிவிலிருந்து எடுத்து, டயர்களை எண்ணி அடுக்குகிற ஸ்டோரில் போட்டுவிட்டார்கள்.

அத்தான் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து நின்றேன். அவர் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“டம்ளரு, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத. மிதிச்சப்போ பெடல் கீழ வரைக்கும் போச்சா? இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?”

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன் கேக்கறேன்னா, கீழ போயிருந்தா ஆயில் கசிஞ்சிருக்கு. கல்லு மாதிரி இருந்துச்சுன்னா கோளாறு வேற எடத்துல. நான் எங்க விட்டேன்னு தெரிஞ்சாப் போதும்டா. படுத்தா தூக்கம் வரல. நாலு சக்கரத்தையும் மனசுக்குள்ளயே கழட்டிக் கழட்டி மாட்டறேன். எங்கயும் அகப்படல.”

“விடுங்கண்ணே” என்றாள் அக்கா. அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. “நடந்தது நடந்து போச்சு. அவர் உங்கள ஒரு வார்த்த சொல்லல.”

“அதான்மா எனக்குத் தாங்கல. அவன் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். சின்ன முகம். “ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பொண்ணுகிட்ட, நான்தாம்மா அந்தப் பிரேக்கப் போட்டவன், மன்னிச்சிடும்மான்னு கேட்டுட்டேன். அது கெடக்கட்டும். இத்தன வருஷமா எத்தன பஸ்ஸ நான் அனுப்பியிருக்கேன்? அதுலயும் இப்படி விட்டிருந்தேன்னா? ஸ்டோருக்குப் போன்னு அவங்க சொன்னது சரின்னுதான் படுது. என் கைய நானே நம்ப முடியலடா.”

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் சொல்லிவிடுவேன், இப்போதே சொல்லிவிடுவேன் என்று மூச்சை இழுத்தேன்.

“பெடல் கீழ போகல” என்றார் அத்தான்.

“அப்போ கல்லு மாதிரியா?”

“இல்ல. நல்லா இருந்துச்சு.”

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

“மிதிச்சேன். நின்னுச்சு. பிரேக் புடிக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ண மதிலோட வெச்சு நசுக்கியிருப்பேன். அவ உசுரோட இருக்கறதே உன் பிரேக்காலதான் சோடா. தப்பு என் கையில.” அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். “பஸ்ல முன்சக்கரம் எனக்குப் பின்னாடி இருக்கு. நான் முனையத் தாண்டினதுக்கு அப்புறம் ஒடிச்சாத்தான் அது சரியாத் திரும்பும். கார்ல சக்கரம் எனக்கு முன்னாடி. தெரியாதா? தெரியும். கைதான் கேக்கல. பஸ்ஸத் திருப்பற மாதிரியே திருப்பிட்டேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ டிவியைச் சத்தமாக வைத்தார்கள்.

“ஏன்டா சொல்லல?” என்றார் மெக்கானிக்.

“பஸ் போயிடும்.”

“என்னோடது போனாப் பரவாயில்லையா?”

மெக்கானிக் தண்ணீரைக் குடிக்காமலேயே மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தெருவில் அவர் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கால் வலியையும் மறந்து வேகமாகப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அக்கா அத்தான் முன்னால் வந்து நின்றாள். “அவர்கிட்ட சொல்லியாச்சு. மனசு ஆறியிருக்கும். இதோட போதும்.”

“எப்படிப் போதும்? டிப்போவுல அத்தன பேர் வாயையும் அவன் எப்படி அடைப்பான்? போலீஸ்ல மாத்திச் சொல்லணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் பஸ் இல்ல.”

“பஸ் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க?”

“தெரியல” என்றார் அத்தான். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லாத மனிதர் சொல்கிற ‘தெரியல’ அது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் அவர் யூனிஃபார்ம் போடாமல் சாதாரணச் சட்டையில் கிளம்பினார். நானும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனேன். அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் எங்களுக்குப் பின்னால் நாலு அடி தள்ளியே நடந்து வந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே போலீஸ்காரர்தான் இருந்தார். அத்தான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை எடுக்கவே இல்லை. கடைசியில், “வீட்ல போயி நல்லா யோசிச்சிட்டு வாங்க சார்” என்றார். “எல்லாம் முடிஞ்சு போன விஷயம். இப்ப நான் இத எழுதினா உங்க மேல கேஸ் வரும். பஸ்ல உங்கள உக்கார வைக்க மாட்டாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“அந்தப் பொண்ணே உங்க மேல தப்பு சொல்லல. இந்த மாதிரி வந்து நிக்கற ஆள நான் பாத்ததில்ல. யாராவது மிரட்டினாங்களா? வண்டிய வித்தவர் ஏதாவது…?”

“அவன் ஒண்ணும் சொல்லல சார். பிரேக் நல்லா இருந்துச்சு.”

“அத நீங்க சொன்னாப் போதுமா? வேற யாராவது சொல்லணுமே. சும்மா ஃப்ரெண்டுக்காக மாத்திச் சொல்றீங்கன்னு மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

நான் ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான் சொல்றேன்.”

அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அத்தானைப் பார்க்கவில்லை.

“நான் அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பெருசா எடுக்காதீங்கன்னு சொன்னேன். கேக்கல. பெருசாத்தான் எடுத்தார். பிரேக் புடிச்சுது. நான் பாத்தேன். அப்படியே எழுதுங்க.”

போலீஸ்காரர் அவளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்தார். எழுதி முடித்து, ஒரு தடவை வாசித்துக் காட்டி, தாளை அத்தான் பக்கம் தள்ளினார்.

அத்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தோள் குலுங்கியது. எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அவர் அழுது நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்காகத்தான் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

அக்கா அவர் தோளைத் தொடவில்லை. ஒரு வார்த்தை தேற்றவில்லை. மேஜைமேல் கிடந்த தாளை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“அதுமேல அழாதீங்க. எழுதினது அழிஞ்சிடும். கண்ணத் தொடச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

அத்தான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அக்காவும் போட்டாள்.